மிளகாய்ப் படத்தில் திறந்த கதவு

5-7-2009

பேத்தி சேதுலட்சுமிக்கு அப்பத்தா எழுதிக்கொண்டது.

நேற்று கீழக்கரையில் அலியாரின் கம்ப்யூட்டர் கடையில் இருந்தவர்கள்: நான், உன் சித்தப்பன் கூத்தையா, அவன் பெண்டாட்டி முருகேஸ்வரி, நம்மிடம் மிளகாய் வாங்கும் நூர் நிஷா, கடைக்கார அலியார். பேர் பேராக எழுதுகிறேன். பிறகு யாரும் அப்படி நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

போனில் சொல்லலாம்தான். சண்டை முற்றும்போது நீ "டவர் இல்லை" என்று வைத்துவிடுவாய். என் மூன்றாம் வகுப்பு எழுத்தைப் பாதியில் வைக்க முடியாது.

நீ இன்டர்நெட்டில் போட்ட படம் முக்கி முக்கி வந்துகொண்டிருந்தது. அதற்குள் அலியார் வேறு நாட்டுப் படங்கள் சிலதைக் காட்டினான். ஒன்றில் கம்பளிக் கையுறை முட்டையிட்டு அடைகாக்கிறது. ஒன்றில் கரண்டிக்கும் கத்திரிக்கோலுக்கும் கல்யாணம், சீப்புதான் மாமியார். சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"ஒவ்வொரு போட்டோவா எடுத்து ஓட்டுறது ஆத்தா, உசிரு இருக்க மாதிரி தெரியும்" என்றான்.

போன பங்குனியில் நீ நம் களத்தில் ஏணி போட்டு ஏறி, காயப்போட்ட முண்டு மிளகாயை ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. வெயிலில் உனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அன்றைக்கு என் மூத்தவனிடம், உங்கள் அய்யாவிடம் சொல்லியிருந்தேன்.

பிறகு உன் படம் வந்தது. மிளகாயிலேயே வீடு, மிளகாயிலேயே நான். என் நடையைக்கூட விடவில்லை நீ. ஒருவர் மாட்டு ஜோடியை ஓட்டிக்கொண்டு போகிறார். அந்த மிளகாய்ப் பொம்பளை கதவைச் சாத்துகிறாள். கடைசியில் அவர் மாட்டோடு திரும்பி வருகிறார். அவள் கதவைத் திறக்கிறாள். மாடு வால் ஆட்டுகிறது.

நூர் நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரு ஆத்தா அந்த ஆளு?" என்றான் அலியார். நான் எப்படிப் பேர் சொல்வேன்? "அத்தை புருசன் பேரச் சொல்ல மாட்டாக. அது எங்க மாமா" என்ற முருகேஸ்வரி, "அப்ப மன்னிச்சிட்டீகளா அத்தை? ஒலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு!" என்று கையைத் தட்டினாள்.

அடியே, எழுபத்து நாலு பஞ்சத்தில் அந்த மனுஷர் "சந்தைக்குப் போயிட்டு வாரேன்" என்று மாட்டை ஓட்டிப் போனார். வரவில்லை. மழை பெய்ததும் மாட்டுக்குப் பதில் நானும் உங்கள் அய்யாவும் நுகத்தடியில் நின்று ஏர் இழுத்தோம். அவனுக்கு ஒன்பது வயது. கைப்பிள்ளை கூத்தையா வரப்பில் கிடந்து அழுதான்.

உங்கள் அய்யாவின் கல்யாணமும் முடிந்த பிறகு அந்த மனுஷர் வந்தார். பகலில் கதவு சாத்தும் வழக்கம் நம் ஊரில் இல்லை. சாவு வீடுகூடத் திறந்துதான் கிடக்கும். நான் சாத்தினேன். பொழுது சாயும்வரை நின்றுவிட்டுப் போனார்.

சாத்திய அந்தக் கதவு ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதை நீ திறந்துவிட்டாய். படத்தை மாற்று.

பிச்சையம்மாள்

*

சென்னை
14-7-2009

அன்பான அப்பத்தாவுக்கு,

முட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? அய்யாவிடம் கொடுத்துவிட்ட புட்டி அப்படியே இருக்கும் என்று தெரியும்.

சாத்திய கதவோடுதான் முதலில் முடித்தேன். பார்க்க எனக்கே தாங்கவில்லை, மாற்றிவிட்டேன். மறுபடி எடுக்க மிளகாயும் களமும் வேண்டும்; அடுத்த பங்குனிவரை ஆகாது. கடைசியில் ஒரு வரி எழுத்து மட்டும் இப்போதே சேர்க்கலாம். நீங்கள் சொல்வதை அப்படியே போடுகிறேன்.

இன்னொன்று. திட்டாதீர்கள். தாத்தா பரமக்குடியில் ஒரு மர அறுவை ஆலையில் காவலுக்கு இருக்கிறார். விசாரித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். படத்தைக் காட்டினேன். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். "தொறந்துட்டாளா?" என்று கேட்டார். நான் கட்டிய கதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்லி அனுப்பியதாகவே எடுத்துக்கொண்டார்.

வந்தாலும் வருவார், அப்பத்தா.

உங்கள் சேது

*

2-8-2009

சேதுவுக்கு,

வந்துவிட்டார். நேற்று, உச்சி வெயிலில். மாடு இல்லை, ஒரு மஞ்சள் பை. "நீ தொறந்துட்டேன்னு புள்ள காட்டுச்சு" என்றார்.

கதவு எப்போதும்போலத் திறந்துதான் கிடந்தது. சாத்தத்தான் எழுந்தேன். பாதியில் முட்டு ஓய்ந்துவிட்டது. முட்டு மட்டும் இல்லை. எத்தனை காலம்தான் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது? அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே வந்தார். கஞ்சி ஊற்றினேன்.

"மாட்ட என்ன செஞ்சீக?" என்று கேட்டேன்.

"மானாமதுரைச் சந்தையில..." என்றவர் கஞ்சிக் கும்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டார். இப்போது கட்டிலில் இருமிக்கொண்டு கிடக்கிறார். நீ கொடுத்துவிட்ட தைலத்தை அவர் நெஞ்சில்தான் தேய்த்தேன்.

முருகேஸ்வரி "மன்னிச்சிட்டாக, மன்னிச்சிட்டாக" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாள். கஞ்சி ஊற்றுவது வேறு, அது வேறு. சொன்னால் அவளுக்குப் புரியாது. உனக்குப் புரிய வேண்டும்.

கதவு திறந்தபடியே இருக்கட்டும். படத்தை மாற்ற வேண்டாம். நீ கேட்ட வரி இது: "கதவைத் திறந்தாள், மன்னிக்கவில்லை."

பிச்சையம்மாள்

பி.கு. யாரை என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். ரேஷன் கார்டு எழுதியவனிடம்கூடப் பக்கத்தில் நின்றவளைத்தான் அவர் பேரைச் சொல்ல வைத்தேன். தனியே இருந்து திட்டும்போதும் அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. புருஷனுக்கென்று நான் விட்டுவைத்திருந்த மரியாதை அது ஒன்றுதான். இன்றோடு அதுவும் போகட்டும். வரிக்குக் கீழே பெரிய எழுத்தில் போடு:

தங்கசாமி.