காதுக்குள் புகுந்த கடல்

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி எழுதுவது. மாமாவின் மூட்டுவலி குறைந்ததா? ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

அடுத்த வாரம் ஊருக்கு வரப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது என் இடது காதுக்குள் ஒரு கடல் புகுந்தது. இரைச்சல், காய்ச்சல், தலையணை நனையச் சீழ். நான் அலறியதில், நான் வேலை செய்யும் பக்கத்துக் கிடங்கின் தகரக்கூரை பறந்தது. உன் கைவைத்தியப்படி எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினேன், கடல் பொங்கியது. அறைத்தோழன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். டாக்டர் விளக்கோடு என் காதுக்குள் இறங்கி, வெகுதூரம் நடந்து திரும்பினார். அவர் பேசியதைத் தோழன்தான் தமிழில் சொன்னான்.

“யோவ், எண்ணெய் ஊத்தினியான்னு கேக்குறாரு.”

“எங்க அக்கா வைத்தியம்னு சொல்லு.”

“சவ்வுல ஓட்டையாம். எதையும் ஊத்தக் கூடாதாம். உங்க அக்காவையும் சேத்துத் திட்டுறாரு.”

மாத்திரையில் சீழ் நின்றுவிட்டது, கவலைப்படாதே. போனில் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசு.

கடலும் கூரையும் டாக்டரின் நடையும் என் புளுகு. ஓட்டை மட்டும் நிஜம். அது மூடும்வரை விமானம் ஏறக் கூடாதாம். அடுத்த வாரம் நான் வரவில்லை, அக்கா. மாமா எப்போது வருவார் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் உன் மகளிடம் நீயே சொல்லிவிடு.