விமானம் சுமந்த கண்ணிவாரிக் கப்பல்

இஞ்சருங்கோ, என் அன்பானவரே,

வீட்டில் கூப்பிடுவது போலவே கூப்பிடுகிறேன். இங்கே வென்ட்வேர்த்வில்லில் மூன்று நாளாய் மழை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சண்டை பிடிக்கவாவது நீங்கள் உயிரோடு இருந்திருக்கலாம்.

எங்கள் மகள் ஷரோன் நேவியில் சேரப் போகிறேன் என்றபோது நான் ஒற்றைக்காலில் நின்றேனே, நினைவிருக்கிறதா? மன்னார்க் கடற்கரையில் நேவிக்குப் பயந்து வளர்ந்த எனக்கு அந்தப் பேரே ஆகாது. கப்பல் மியூசியத்தில் வழிகாட்டியாக இருந்த நீங்கள், அங்கிருக்கும் ஒரு பழைய போர்க்கப்பலின் கதையைச் சொல்லி என்னை மடக்கினீர்கள். "அது கொஞ்சக் காலம்தான் கடல்ல கண்ணிவெடி வாரினது. பிறகு கிரேன் பூட்டி, தண்ணியில இறங்கிற பிளேனுகளைத் தூக்கி ஏத்திற கப்பலாக்கிப் போட்டாங்கள். நேவியில வேலை மாறும் மேரி, பயப்பிடாதை." நானும் தலையாட்டினேன்.

ஷரோனும் தனக்கு ஸ்டோர்ஸில் சாமான் கணக்குப் பார்க்கும் வேலைதான் என்றாள். போன மாதம் அவள் கப்பலேறியபோது, ஊரில் கடலுக்குப் போகிறவர்களுக்குக் கொடுப்பது போல, அந்தோனியார் பதக்கத்தை இரும்புச் சங்கிலியில் கோத்து அவளுடைய பைக்குள் ஒளித்து வைத்தேன்.

ஞாயிறு அழைத்தாள். எந்தக் கடலில் நிற்கிறாள் என்று சொல்லவில்லை. "மம், மெடலைப் போட ஏலாது. டைவ் பண்ணேக்க அயர்ன் கிட்ட வரக்கூடாது." சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். ஸ்டோர்ஸில் இருப்பவளுக்கு எதற்கு டைவ்? இரும்பு கிட்ட வந்தால் வெடிக்கும் கண்ணிகளைப் பற்றி நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்!

மறுநாளே மியூசியத்துக்குப் போய் அந்தக் கப்பலின் வரலாற்றை முழுதாக வாசித்தேன். போர் முற்றியதும் கிரேனைக் கழற்றிவிட்டு, அதை மறுபடியும் கண்ணி வாரத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இதை ஏனப்பா எனக்குச் சொல்லாமல் விட்டீர்கள்? கோபம் கோபமாக வந்தது. உங்களுக்கும் உள்ளுக்குள் பயம்தானோ?

நேற்று அவளிடம் கேட்டேன்.

"பயமா இருக்கோ பிள்ளை?"

"ஓம் அம்மா. உங்களிட்டச் சொல்லத்தான் இன்னும் பயமா இருந்தது."

இனி அவள் என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. போனை வைக்காமல் அவள் சொல்வதைக் கடைசிவரை கேட்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் மனைவி,
ஷரோனின் அம்மா மேரி