மருந்து எடுக்காதவர்கள் பட்டியலில் வாப்பா

என் அன்பு வாப்பா,

உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும். கோபமாக இருந்தாலும் ஸலாம் சொல்லித்தான் கதைக்க வேண்டும் என்று என்னைப் பழக்கியவர் நீங்கள்.

உம்மா சுகம். மாவடிப்பள்ளி வயலைத் தம்பி பார்க்கிறான். இந்தப் போகம் வெள்ளத்துக்குத் தப்பிவிட்டது. நீங்கள் முதலில் இதைத்தான் கேட்பீர்கள்.

என் ஆய்வுகூடத்துக்கு வந்த அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? வலிப்புக்குக் கொடுக்கும் ஒரு குளிசை நரம்பை எவ்வளவு மந்தமாக்குகிறது என்று நான் அளந்துகொண்டிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே எடுக்காத ஆட்கள் தேவைப்பட்டார்கள். நான் கேட்டதும் நிந்தவூரிலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள். படிவத்தில் வலிப்பு உண்டா, மருந்து ஏதும் உண்டா என்று இருந்த இரண்டு இடத்திலும் ‘இல்லை’ என்று உங்கள் அழகான கையெழுத்தில் எழுதினீர்கள்.

மணிக்கட்டில் மின்கம்பியை ஒட்டினேன். “நோகுமா மகள்?” என்று கேட்டீர்கள். “எறும்பு கடிக்கிற மாதிரித்தான் வாப்பா” என்றேன். உங்கள் பெருவிரல் துடித்தது. நரம்பில் சோடியம் நுழையும் சின்னஞ்சிறு வாசல்கள் இருக்கின்றன. அந்தக் குளிசை அவற்றில் சிலவற்றை அடைத்துவிடும். பிறகு அதே விரலைத் துடிக்க வைக்கக் கூடுதல் மின்சாரம் வேண்டும். அந்தக் கூடுதலைத்தான் நான் அளப்பது.

உங்களுக்குக் கூடுதலாகத்தான் வேண்டியிருந்தது. கை குளிர்ந்திருக்கிறதோ என்று சூடாக்கிப் பார்த்தேன். கம்பியை மாற்றி ஒட்டினேன். மூன்று முறையும் வரைபடத்தில் உங்கள் கோடு குளிசை எடுத்தவர்களின் கோடுகளோடு போய் நின்றது.

“வாப்பா ஏதும் குளிசை பாவிக்கிறாரா?” என்று என் பேராசிரியை கேட்டார்.

“இல்ல மேடம். எங்கட வாப்பாவ எனக்குத் தெரியாதா?” என்றேன், கொஞ்சம் முகத்தைச் சுளித்து. ஒரு ஆளின் அளவை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்று அவரும் விட்டுவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உங்களிடமே கேட்டேன். “எனக்கென்ன நோய் வருத்தம் மகள்? அல்லாஹ்ட காவல்ல நல்லா இரிக்கன்” என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பினீர்கள். நான் நம்பினேன்.

ஏன் நம்பமாட்டேன்? அட்டாளைச்சேனையிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்த அந்த வாத்தியாரை நீங்கள் வேண்டாமென்றபோதும் நம்பினேனே. அவருக்கு வலிப்பு இருக்கிறது, குளிசையோடு சுகமாக இருக்கிறார் என்று அவருடைய உம்மா ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. உங்களுக்கும் அது தெரியும். “வலிப்புக்காரனுக்கு என்ட மகளக் குடுக்க ஏலாது. நாளைக்கு உன்ட புள்ளைகளுக்கும் வரும்” என்றீர்கள். நான் அழுதுவிட்டு, “நீங்க செல்றதுதான் வாப்பா” என்றேன். அதற்குப் பிறகு வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் என் மனம் இணங்கவில்லை.

பாரிசவாதம் உங்களைச் சாய்த்த அன்று, இவர் என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று வார்ட்டில் டொக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்று நான் சொல்லி வாய் மூடவில்லை. உம்மா கைப்பையைத் திறந்து ஒரு குளிசை அட்டையை நீட்டினார். பெயரை வாசிக்கத் தேவையிருக்கவில்லை. ஆய்வுகூடத்தில் நான் நாள்தோறும் கையில் எடுக்கும் அதே குளிசை.

“எத்தின வருசமா உம்மா?”

“என்னக் கட்டுறத்துக்கு முதல்லயிருந்து. எனக்கே நீ பொறந்த புறகுதான் தெரியும். ஆருக்கும் செல்லக்கூடாண்டு சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்னத்தச் செய்ற?”

நீங்கள் கண் திறக்கவேயில்லை. மூன்றாம் நாள் மௌத்தாகிவிட்டீர்கள்.

நீங்கள் ஏன் மோட்டார் சைக்கிள் ஓட்டவில்லை, ஏன் ஒருநாளும் கடலில் இறங்கவில்லை என்று இப்போது விளங்குகிறது. வருத்தம் குற்றமில்லை வாப்பா. ஊர் வாய்க்குப் பயந்தீர்கள், அதுவும் எனக்கு விளங்கும். ஆனால் அட்டாளைச்சேனையில் அவர்கள் வீட்டு வாசலில் நின்று அதையே சொல்லி மறுத்தபோது, காலையில் விழுங்கிய குளிசை உங்கள் வயிற்றுக்குள் இருந்திருக்குமே. அந்த நேரம் என்ன நினைத்தீர்கள்? உங்களுக்குப் பெண் கொடுத்த என் உம்மாவின் வாப்பா ஒரு கணமாவது ஞாபகத்துக்கு வந்தாரா?

ஜனாஸாவைத் தூக்கும் முன், வாப்பா யாருக்கும் பிழை செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தம்பி கேட்டான். உள்ளே பெண்கள் எல்லோரும் மன்னித்தோம் என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை.

பேராசிரியையிடம் உண்மையைச் சொல்லி உங்கள் அளவை நீக்கிவிட்டேன். போன மாதம் தனியாக அட்டாளைச்சேனைக்குப் போனேன். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவருடைய உம்மாதான் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“உங்கட வாப்பா சென்னத்த என்ட மகன் உள்ளுக்கிருந்து கேட்டான் புள்ள. வெக்கத்துல குளிசைய எறிஞ்சிட்டான். பள்ளிக்கூடத்துல விழுந்து தலை ஒடைஞ்சிச்சி. நான் மாப்புக் குடுத்துட்டன். அவன்ட மாப்ப அவன்தான் குடுக்கணும்.”

உங்களுக்காக அவரிடம் மாப்புக் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன்; அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

இப்போது நம் சின்னவளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றதும், “மௌத்தான மனிசன்ட மானத்த வாங்கப் போறியா?” என்று உம்மா அழுதார். தங்கைதான் என் கையைப் பிடித்தாள். “செல்லுவம் ராத்தா. கேட்டுட்டு எழும்பிப் போனா, போகட்டும்.”

ஐந்து நேரத் தொழுகையிலும் உங்களுக்காகத் துஆக் கேட்கிறேன்; அதை நிறுத்தமாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன். வெள்ளிக்கிழமை உங்கள் பெயரைச் சொல்லி, நல்ல மனிதர் என்று சொல்லி, உங்கள் வருத்தத்தையும் நானே என் வாயால் சொல்வேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்களை நம்பிய மூத்த மகள்,
றிஸ்மியா