எஸ்தர் கல்யாணத்துக்கு அனுப்பிய காகிதப் பூக்கள்

செங்கல்பட்டு,
10-6-1955

அன்புள்ள அம்மாவுக்கு ரூபாவதி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்ததா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

தங்கையின் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். குஷ்டரோக ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து நின்றால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று எழுதினீர்கள். நானும் வரவில்லை. ஆனால் நான் அனுப்பிய காகிதப் பூக்களைப் பெட்டியோடு அடுப்பில் போட்டீர்களாம். எஸ்தர் எழுதியிருக்கிறாள்.

அவற்றைச் செய்தவள் செங்கமலம், திருப்போரூர்க்காரி. விரல்கள் மடங்கிப்போகாமலிருக்க நோயாளிகளுக்கு வர்ணத்தாளை வெட்டிக் கம்பியில் சுற்றப் பழக்குகிறேன். அவளுக்கு நோய் குணமாகிவிட்டது. அழைத்துப்போகத்தான் ஆள் வரவில்லை.

நேற்று கேட்டாள். "சிஸ்டர், பூவைப் பார்த்துட்டு உங்க அம்மா இன்னா சொன்னாங்க?"

"பந்தல் வாசல்ல கட்டினாங்களாம். எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்ததாம்."

"போட்டோ எதுனா கீதா? நான் பாக்கணும்."

"வரும்" என்றேன்.

"அப்போ உங்க கல்யாணத்துக்கும் நானே கட்டித் தரேன். கை மெதுவாத்தான் ஓடுது, இப்பவே ஆரம்பிச்சாத்தான் முடியும்."

ஆகவே, பந்தல் வாசல் தெரியாத கல்யாணப் படம் ஒன்று அனுப்புங்கள். முடிந்தால் கொஞ்சம் கருப்பட்டியும். இங்கே காப்பி வாயில் வைக்க முடியவில்லை.

எனக்கு இனி வரன் பார்ப்பதில்லை என்று அப்பா சொல்லிவிட்டதை அவளிடம் நான் சொல்லவில்லை. இன்று காலை சிவப்புத் தாள் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

வார்டில் மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மகள்,
ரூபாவதி