ஹிசயொரியின் பெயர்

டோர்ட்முண்ட்
12.09.2009

அன்பின் சுசிலாவுக்கு,

தொலைபேசியில் பேசினால் ஒவ்வொரு முறையும் சண்டையில் முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இங்கே என் அண்ணையின் கடையில் வேலை ஓடுகிறது. வாய்க்குத்தான் உம்முடைய சமையல் இல்லாமல் ஒன்றும் பிடிக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் விம்பிள்டனுக்கு, நம் வீட்டுக்கே, திரும்பி வரலாம் என்று நினைக்கிறேன். நீர் “வாங்கோ” என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

வந்ததும் நம்முடைய வாளை ஒரு நிபுணரிடம் காட்டப் போகிறேன். ஜப்பானில் பிசென் நாட்டுக் கொல்லன் ஹிசயொரி அடித்த வாள் அது என்று நான் சொல்லும்போதெல்லாம் நீர் சிரிப்பீர். இனி அவர் சொல்லட்டும். இரும்பை மடித்து மடித்து அடித்து, முதுகில் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் களிமண் பூசி, காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவானாம். விளிம்பு இறுகும், முதுகு வளைந்து கொடுக்கும். எழுநூறு வருடமாக நிற்கிற வேலை, சுசிலா!

குளிர் தொடங்குகிறது. மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றி, வாளைத் துடைத்து எண்ணெய் பூசி வையும். ஒரு பொட்டுத் துருவும் இருக்கக் கூடாது.

அன்புடன்,
சுபாஸ்கரன்


விம்பிள்டன்
30.09.2009

அன்பின் அத்தானுக்கு,

வாங்கோ. கேட்ட சொல்லை எழுதிவிட்டேன். கோபம் எல்லாம் ஆறிவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். சமையலை நினைத்தவருக்குச் சமைக்கிறவளை நினைக்க இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது! சாருஜாதான், “அப்பா எப்ப வாறார்?” என்று என் உயிரை எடுக்கிறாள்.

உங்கள் வாளைப் போர்வையில் சுற்றி, ஆயுத பூசைக்குச் சண்முகராசா அண்ணையின் கராஜுக்குக் கொண்டு போனேன். பிடியைக் கழற்றினால் உள்ளே ஒரே கறுப்புத் துரு. “இவ்வளவு கதை சொல்லுற மனுசன் உள்ளுக்கை துடைக்கேல்லையோ?” என்று அண்ணை சிரித்தார். பிறகு தன்னுடைய ஸ்பானர்களைத் தேய்க்கிற மின்சாரச் சக்கரத்திலேயே அந்தப் பகுதியைப் பிடித்தார். ஏதோ கீறல்கள் இருந்தன, அவையும் போய் இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. சந்தனம், குங்குமம் வைத்துச் சரஸ்வதிக்கு முன்னால் கிடத்தினேன். நீங்கள் வரப் போகிற சந்தோசத்தில் மனம் நிறையக் கும்பிட்டேன்.

அன்புடன்,
சுசிலா


டோர்ட்முண்ட்
08.10.2009

சுசிலாவுக்கு,

நீர் என்ன செய்தீர் என்று உமக்குத் தெரியுமா?

பிடிக்குள் இருக்கிற துருவை எவனும் தொட மாட்டான். வாளின் வயதை அதை வைத்துத்தான் சொல்வார்கள். நீர் கீறல் என்று எழுதியது ஹிசயொரியின் பெயர். கொல்லன் தன் பெயரை அங்கேதான் வெட்டுவான். நிபுணர் பார்க்கவிருந்ததும் அதைத்தான். இனி அவர் எதைப் பார்ப்பார்? அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைத்தேன், அது என் முட்டாள்தனம். அப்படி ஒரு மனிதன் இருந்தான் என்பதற்கு நம் கையில் மிஞ்சியிருந்த ஒரே அடையாளத்தைக் கராஜில் அழித்துவிட்டு, பொட்டும் வைத்திருக்கிறீர். செத்த வீடு மாதிரி இருக்கிறது எனக்கு.

நான் வரவில்லை.

சுபாஸ்கரன்


விம்பிள்டன்
25.10.2009

திரு. சுபாஸ்கரன் அவர்களுக்கு,

தீபாவளி போய்விட்டது. சாருஜா புதுச் சட்டை போட மாட்டேன் என்று படுத்துவிட்டாள்.

துரு ஒரு பொட்டும் இருக்கக் கூடாது என்று எழுதியவர் நீங்கள். ஆனாலும் உங்கள் கடிதம் வந்த அன்று, பெரிய பிழை செய்துவிட்டேன் என்று இருந்து அழுதேன். பிறகு திரும்பவும் வாசித்தேன். “செத்த வீடு” என்ற இடத்தில் கண்ணீர் நின்றுவிட்டது.

இந்த வீட்டில் செத்த வீடு வைகாசியில் நடந்தது. முள்ளிவாய்க்காலில் என் தம்பி சிவதர்ஷன் போன செய்தி வந்து, படம் வைத்து விளக்கேற்றினேன். “ஆரோ ரெலிபோனிலை சொன்னதுதானே, வடிவாத் தெரியுமோ?” என்று கேட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு உங்கள் வாள்காரர்களின் கூட்டத்துக்குப் போனீர்கள். அவனுக்கு உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. ஹிசயொரியின் தகப்பன் பெயரும் மகன் பெயரும் உங்களுக்குத் தலைகீழாகப் பாடம். என் தம்பியின் பிள்ளைகளின் பெயர் தெரியுமா? இவ்வளவு காலமும் நான்தான் வளைந்து கொடுத்தேன். இனி ஏலாது.

வாள் சண்முகராசா அண்ணையிடம் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வீட்டுக்கு வர வேண்டாம். அப்டன் பார்க்கில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே கொண்டு போய், அண்ணை தேய்த்த இடத்தில் சிவதர்ஷன் என்று வெட்டுவித்தேன்.

பிடியைப் பூட்டினால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. அதில் துரு பிடித்தால் துடைக்க வேண்டாம்.

சுசிலா