பாஸ்டர் கேட்டது அவளை

12.3.1978, ஞாயிறு

மருமகளிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். அதுவும் அவளுடைய ஞானஸ்நானத்தில்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே, மகாவலியில் இடுப்பளவு தண்ணீரில் செல்வி நின்றாள். "உன் சொந்த விருப்பத்தோடுதான் வந்தியாம்மா?" என்று பாஸ்டர் கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. கரையில் சபையே பார்த்துக்கொண்டிருந்தது. "விருப்பந்தாங்க, முக்குங்க" என்று நான் சத்தம் போட்டேன். அவராவது பொறுத்திருக்கலாம். முக்கிவிட்டார்.

வீட்டில் தலையைத் துவட்டிக்கொண்டே செல்வி சொன்னாள்: "மாமா, அவரு என்னையத்தானே கேட்டாரு? கொஞ்சம் விட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"என்னன்னு?"

"அது இனிமே யாருக்குத் தெரியும்?"

கர்த்தர் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்று ஊரெல்லாம் வாதாடியவன் நான். அது இப்போதும் சரிதான். நான்தான் அவரை முந்திக்கொண்டேன்.

நாளைக்கு நான் பாஸ்டரிடம் போய், அந்த ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்ல வேண்டும். அவர் அவளைத் தனியாகக் கேட்க வேண்டும். நான் பெட்டியில் பூட்டிய அவளுடைய முருகன் படத்தை மகன் எடுத்துக் கொடுக்க வேண்டும். என் கையால் கொடுக்க என்னால் ஆகாது. செல்வி என்ன சொல்ல வேண்டும் என்றும் எழுதப் போனேன். பேனாவை மூடுகிறேன்.