வெயில் மட்டும் போதாது

வெள்ளிக்கிழமை, இரவு பத்தரை

காலையில் கோச்சிங் வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி. ‘வெயில் அடித்தால் மட்டுமே வெடி காயும். இன்று வெயில் அடித்தது. ஆகவே வெடி காய்ந்தது. முடிவு சரியா?’ சரி என்று போட்டேன். தப்பு. பட்டாசு ஆலை போர்மேன் மகள் நான். வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் அப்பா நாரணாபுரம் ஆலையிலிருந்து வந்ததும் ஆரம்பித்தார்.

“டிகிரி முடிக்காம கல்யாணம் கிடையாதுன்னு நீதான சொன்ன. இப்பத்தான் முடிச்சிட்டியே தாயி. ஞாயித்துக்கிழமை ஆமத்தூர்க்காரவுக பொண்ணு பாக்க வாராக.”

காலையில் நான் செய்த அதே தப்பு.

“இன்னைக்கு வெயில் கொளுத்துச்சே, எம்புட்டு வெடி காஞ்சுச்சுப்பா?”

“வெடிமருந்து லோடே வரல. எதைக் காயப் போட?”

“அதேதாம்பா. வெயில் வேணும், ஆனா வெயில் மட்டும் போதாது. டிகிரியும் அப்படித்தான்.”

“உம் மகளுக்கு வாய் நீண்டு போச்சு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

நீளட்டும். ஆமத்தூர்க்காரர்களும் வரட்டும். பட்டுச்சேலை கட்டுகிறேன், காபியும் கொடுக்கிறேன். அவர்களுக்கு என்னைப் பிடித்தும் போகட்டும். கல்யாணத்துக்கு அதெல்லாம் வேண்டும்தான். எனக்கும் மாப்பிள்ளையைப் பிடிக்க வேண்டும். அதை இந்த வீட்டில் இன்னும் யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காமலேயே நானே சொல்லப் போகிறேன்.